எல்லையோரக் குறிப்புகள்: வெளுத்த எழுத்தை மாற்றும் முறை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நம்மவர் பலர் சிறு சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கின்றனர். வாழைக்குலை, தேங்காய், செங்கல் என்று ஏற்றாத பொருள் இல்லை. வண்டி பத்தாண்டு ஓடிவிட்டால், இயந்திரத்துக்கு முன்பாகவே மூப்பு எய்துவது அதன் பக்கங்களில் ஒட்டிய எழுத்துகளே. அவற்றை மாற்றும் வகை யாது என்று அன்பர் சிலர் நம்மை வினவினர். இம்மாதம் அதனையே எழுதத் துணிந்தோம்.

மேனாடுகளில் குதிரைகளை ஏற்றி மோட்டாரின் பின்னே இழுத்துச் செல்லும் வண்டிகள் உண்டு. தொழிற்சாலையார் அவற்றில் ஒட்டிய கோடுகளும் பெயரும் வெளுத்துப் போய், அம்மாதிரி பின்னர்க் கிடையாது போனால், உடையவர் பழையதைப் படியெடுத்துப் புதிதாக வெட்டுவித்துக் கொள்வர். நமக்கும் அதுவே வழி. ஆனால் அவர்கள் இழப்பது ஒரு கோடு. நாம் இழக்கக்கூடியது தமிழில் எழுதிய ஒரு பெயர்.

ஸ்டிக்கர் எனப்படுவது மெல்லிய வினைல் தாள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் நிறத்தை உண்கிறது. மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். கறுப்பு நெடுநாள் நிற்கும். நிமிர்ந்து நிற்கும் பக்கப் பலகையினும், வானம் நோக்கிக் கிடக்கும் மூக்குப் பகுதியில் கேடு விரைவில் வரும். மலிவான தாள் சில ஆண்டுகளில் சுருங்கி வெடிக்கும்; உயர்ந்த வகை அதனினும் இருமடங்கு காலம் தாங்கும். விலை கேட்கும்போது எவ்வகைத் தாள் என்று கேளாமல் திரும்பலாகாது.

உரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம்மவர் பெரும்பாலும் அதனை மறந்துவிடுகின்றனர். எண்ணெய்க் காகிதத்தைப் பழைய எழுத்தின்மேல் வைத்துப் பென்சிலால் ஓரத்தைப் படியெடுத்துக் கொள்க. பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்து நிழற்படமும் எடுக்க. காரணம் இரண்டு. எழுத்து மறைத்திருந்த இடத்தில் வண்டியின் பழைய வண்ணம் வெயில் படாமல் புதிதாகவே இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். ஆகவே ஸ்டிக்கரை உரித்த பின்பும் எழுத்து நிழல்போல் தெரியும். புதிய எழுத்து அதே அளவில் அதே இடத்தில் அமர்ந்தால் நிழல் மறையும். அளவோ மொழியோ மாறினால் பழைய தமிழ் புதிய எழுத்தின் இடையிடையே எட்டிப் பார்க்கும். மற்றொரு காரணம் அச்சுப் பிழை. அதனைப் பின்னே கூறுவோம்.

உரிக்கும் முறை எளிது, பொறுமைதான் அரிது. கூந்தல் உலர்த்தும் கருவியால் கை பொறுக்கும் சூடு வரை காட்டி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, வண்டியோடு ஒட்டினாற்போல மெல்ல மடக்கி இழுக்க வேண்டும். இரும்புத் தகடு வண்ணத்தைக் கீறும். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். எஞ்சிய பசையை, கருவியை அணைத்து வண்டி நன்கு ஆறிய பின், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துச் சோப்பு நீரால் கழுவுக. எண்ணெய்ப் பசை சிறிது இருந்தாலும் புதியது ஒட்டாது. பழையதன் மேலேயே புதியதை ஒட்டித் தருவதாகச் சொல்லும் கடைக்காரர் உண்டு. அக்கடையைவிட்டு எழுந்து வருவது நலம்.

இனி அச்சுப் பிழை. இப்பக்கத்து வெட்டுக் கடைகளில் பணி செய்வோர் மலையாளிகள். தொழிலில் வல்லவர்கள், ஆயினும் தமிழ் படியாதவர்கள். பழைய மென்பொருளில் தமிழை ஏற்றினால் ஒற்றைக்கொம்பு எழுத்தின் முன்னிராமல் பின்னே போய் நிற்கும். அதனினும் பெருந்துன்பம் புள்ளிக்கு. வெட்டிய பின் வேண்டாத வினைலைக் களையும்போது சிறு புள்ளிகளும் உடன் போய்விடுகின்றன. ‘வாழைக்குலை வியாபாரம்’ என்பதில் புள்ளி இரண்டு. பாறசாலையருகே ஓர் அன்பருக்குக் கிடைத்தது புள்ளியொன்றும் இல்லாத ‘வாழைககுலை வியாபாரம’. “அண்ணாச்சி, வெறும் புள்ளிதானே!” என்றாராம் கடைப் பையன். ஆகவே படியெடுத்த காகிதத்தையே கொடுத்து, அதனைப் படமாக ஏற்றி வெட்டச் சொல்லுக. ஒட்டுமுன் புள்ளிகளை எண்ணுக.

அந்த அன்பர் வீட்டில் வேறொரு வழக்கும் இருந்தது. தமிழே வேண்டாம், மலையாளமும் ஆங்கிலமும் போதும், வாடிக்கையாளர் அவற்றைத்தான் படிக்கின்றனர் என்பது மகன் கட்சி. அதில் நியாயம் இல்லாமலில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்பு இங்கே என்றால் இவ்விடத்து மொழியும் பலகையில் வேண்டியதே. ஆனால் எல்லை வந்தும் சந்தை பிரியவில்லை. களியக்காவிளைச் சாலையில் கே.எல். 19, 20 எண்ணுள்ள வண்டிகளும் டி.என். 74, 75 எண்ணுள்ளவையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. குலை வாங்குவோர் இருபுறத்தும் உளர்.

அவ்வீட்டுப் பேத்தி மலையாளப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு பயில்கிறாள். தாத்தா அவளுக்கு ழகரம் காட்டியது அவ்வண்டியின் பக்கப் பலகையில்தான். அவ்வீட்டில் அவள் கண்ணில் நாள்தோறும் படும் தமிழ் வேறில்லை. நாம் சொன்ன தீர்ப்பு இது: தமிழ் தன் பழைய நிழலின் மேலேயே அமரட்டும், மலையாளம் அதன் கீழே, அதே உயரத்தில் வரட்டும். மகனும் இசைந்தார்.

சட்டத்தையும் சிறிது நோக்குக. பதிவு எண் ஆங்கில எழுத்திலும் எண்ணிலுமே இருத்தல் வேண்டும். அப்பலகையில் வேறெதுவும் ஒட்டலாகாது. எடை முதலிய விவரங்களையும் ஒளி திருப்பும் பட்டைகளையும் புதிய ஸ்டிக்கர் மறைக்கலாகாது. வண்டியின் முழு நிறத்தையே மாற்றினால் பதிவுச் சான்றிதழில் குறிப்பிக்க வேண்டும். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் ஒன்பது உயிர்களைக் கொண்ட பேருந்து விபத்துக்குப் பின், சுற்றுலாப் பேருந்துகளின் வெளிக்கோலத்தைக் கேரளத்தார் கடுமையாகவே கண்காணித்தனர். சரக்கு வண்டிக்கு அவ்வெள்ளை நிறக் கட்டளை இல்லையாயினும் அடக்கம் நன்று.

இப்பகுதிக்கு இரு பருவமழையும் உண்டு. ஆதலின் மார்கழி கடைசி முதல் மாசி வரை இப்பணிக்கு உகந்த காலம். உச்சி வெயிலில் சூடேறிய தகட்டில் ஒட்டாமல் காலை நிழலில் ஒட்டுக. சோப்பு சில துளி கலந்த நீரைத் தெளித்து, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து நீரை வெளியேற்றுக. குமிழ் நின்றால் ஊசியால் குத்தி அழுத்துக. பின்னர் இரண்டு நாள் வண்டியைக் கழுவலாகாது.