‘ஃபுட் பாய்சன்’ என்று சொன்னால் போதுமா? ஹாஸ்டல்களுக்கு மலப் பரிசோதனை ஏன் அவசியம்?

2021 டிசம்பரில், திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி பகுதி ஹாஸ்டலில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ‘ஃபுட் பாய்சன்’ என்றார்கள். எலி நடமாட்டம், மோசமான வடிகால் காரணமாக கிச்சன் மூடப்பட்டது. சரியான நடவடிக்கைதான். ஆனால், கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை ஒரே அறையில் பலர் தங்கும் ஊர்களில், இன்னொரு கேள்வியும் வேணும்: கிருமி எது?

வழக்கமான கல்ச்சர் டெஸ்ட்டில் பாக்டீரியா மட்டுமே தெரியும். நோரோ வைரஸைக் கண்டுபிடிக்க, கோவிட்டுக்குச் செய்த அதே ஆர்டி-பிசிஆர் தேவை. வயிற்றுப்போக்கு தொடங்கிய 2, 3 நாட்களுக்குள் மல மாதிரி எடுத்து, குளிர்நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நிறைய. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. நோரோவுக்கு சானிடைசரும் போதாது. சோப்பு, தண்ணீர், பிளீச்சிங் பவுடர்தான். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதால், கிச்சனை மூடினாலும் பொது டாய்லெட் வழியே பரவும். சமையல்காரருக்கு வந்தால், வயிறு சரியான பிறகும் 2 நாள் லீவு அவசியம். சம்பளம் பிடிப்பார்கள் என்றால் அவர் வெளியே சொல்வாரா?

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வைரஸ் ஆய்வகம் இருக்கு. ஒரு ஹாஸ்டலில் பலருக்கு ஒரே நேரத்தில் வயிறு கெட்டால், 5 பேரின் மாதிரியாவது வைரஸ் டெஸ்ட்டுக்குப் போகணும். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.