விமானத்தில் துப்பாக்கி: பதவிக்கா? பணிக்கா?



2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள். ஐக்கிய அமெரிக்க நாட்டின் மயாமி விமான நிலையத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் புறப்படவிருந்த விமானத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தனர். திடீரெனக் கணவர் பதற்றத்தோடு எழுந்து, தம் பையுடன் வெளியே ஓடினார். சாதாரண உடையில் பயணம் செய்த விமானக் காவலர்கள் இருவர் அவரைப் பின்தொடர்ந்தனர். தன்னிடம் வெடிகுண்டு இருப்பதாக அவர் கூறினார் என்பது அவர்களது வாக்குமூலம். விமானத்தையும் நிலையத்தையும் இணைக்கும் நடைபாலத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பையில் வெடிகுண்டு ஏதும் இல்லை. அவர் மனநலம் பாதிக்கப்பட்டவர், மருந்து உட்கொள்ளவில்லை என்று மனைவி கதறியதைப் பயணிகள் கேட்டனர். காவலர்கள் செய்தது சட்டப்படி தவறல்ல என்று 2006இல் அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தனர்.

சுட்டவர்கள் விமானப் பாதுகாப்புக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், பயணிகளாக விமானம் ஏறும் மற்றக் காவல் துறையினரும் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம் என்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் ஆயுதக் காவலர் எவரும் இல்லை. ஏறக்குறைய 3,000 பேர் மடிந்தனர். அதன்பின் விமானக் காவலர்களின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. ஆயினும், நாள்தோறும் பறக்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் அனைத்திலும் அவர்களை அமர்த்த இயலாது. விடுமுறையில் செல்லும் காவலர் ஒருவர் ஆயுதத்தோடு அமர்ந்திருந்தால், அரசுக்குச் செலவின்றி ஒரு பாதுகாவலர் கிடைப்பாரே என்கின்றனர் இவர்கள்.

அமெரிக்கச் சட்டம் இதைப் பொதுவாக ஏற்கவில்லை. பணியில் இல்லாத காவலரும் ஓய்வுபெற்ற காவலரும் நாடெங்கும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2004இல் ஒரு சட்டம் அனுமதித்தது. ஆனால் அந்த உரிமை விமானத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. விமானத்துக்குள் துப்பாக்கி கொண்டுசெல்லப் பொதுவாகப் பணி சார்ந்த தேவை இருக்க வேண்டும்: ஒருவருக்குப் பாதுகாப்பு அளிப்பது, கைதியை அழைத்துச் செல்வது போன்றவை. தனிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். விமானத் தலைவருக்கு அவர் அமர்ந்திருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய எட்டு மணி நேரமும், பயணத்தின்போதும் அவர் மது அருந்தக் கூடாது.

இந்தக் கண்டிப்பு தேவைதானா? திரைப்படங்களில் காண்பதுபோல் ஒரு தோட்டா துளைத்ததும் விமானம் வெடித்துச் சிதறிவிடாது. நெருக்கமாக மக்கள் அமர்ந்திருக்கும், தப்பியோட வழியே இல்லாத இடத்தில், குறி தவறும் தோட்டா யார் மேல் பாயும் என்பதே உண்மையான அச்சம். பயிற்சி பெற்றவர்களும் தவறுகின்றனர். 2008 மார்ச்சில், அனுமதியோடு ஆயுதம் வைத்திருந்த ஒரு விமானியின் துப்பாக்கி விமானி அறையிலேயே தவறுதலாக வெடித்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

மேலும், 2001க்குப்பின் விமானங்களைக் காத்தவற்றுள் முதன்மையானது துப்பாக்கி அல்ல. விமானி அறைக்கு உறுதியான கதவு 2003 முதல் கட்டாயமானது. 2001 டிசம்பரில் காலணியில் வெடிமருந்தோடு வந்தவரையும், 2009 கிறிஸ்துமஸ் நாளன்று உள்ளாடையில் வெடிமருந்தோடு வந்தவரையும் மடக்கியவர்கள் வெறுங்கையோடு இருந்த பயணிகளும் பணியாளர்களுமே.

திருச்சபை தற்காப்பை மறுப்பதில்லை. பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்கு அது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. தேவைக்கு மிஞ்சிய வன்முறை தவறு என்றும் அதுவே எச்சரிக்கிறது. ஆகவே விமானத்தில் துப்பாக்கியே கூடாது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அது பணிக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாக இருக்க வேண்டும். பதவியோடு ஒட்டிவரும் சலுகையாக இருத்தல் ஆகாது. பணி முடிந்தால் ஆயுதத்தையும் இறக்கி வைக்கத் தெரிந்தவரே உண்மையான காவலர்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவியது தீய எண்ணத்தால் அல்ல, அன்பினால்தான். ஆனால் காயப்பட்டவர் சூழ்ச்சி செய்த தலைவர் அல்லர், அவருடைய பணியாளர். அச்சத்தில் உருவப்படும் ஆயுதம் எவரைத் தாக்கும் என்பதை உருவியவரும் அறியார்.

மயாமியில் உயிரிழந்தவரையும், அவரது மனைவியையும், ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்த அந்தக் காவலர்களையும் நம் செபங்களில் நினைவுகூர்வோம். நம் அருகில் பதற்றத்தோடு அமர்ந்திருப்பவர் எதிரியா, நோயாளியா என்று பொறுமையோடு பார்க்கும் மனத்தை இறைவனிடம் வேண்டுவோம்.