கசக்கும் கிழங்கு

சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஒரு மூலையில் கறுப்பாகத் தழும்பு கண்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? அரிவாள்மனையில் அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டு மிச்சத்தை வேகவைக்கிறார்கள். சீவியது கழுநீர்த் தொட்டிக்குப் போகிறது, மாட்டுக்கு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் இந்த விஷயத்தில் அது சிக்கனமே அல்ல என்பது என் கட்சி.

மண்ணிலிருந்து பிடுங்கிய பிறகும் கிழங்கு உயிருள்ள பொருள். கருப்பழுகல் நோய்க் காளான் காயத்தின் வழியே உள்ளே நுழைந்ததும் அதன் சுவாசம் வேகமாகிறது. பெராக்ஸிடேஸ், பாலிபீனால் ஆக்ஸிடேஸ் முதலிய என்ஸைம்கள் பெருகுகின்றன. (நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இவ்வகை என்ஸைமின் வேலைதான்.) இவற்றின் உதவியால் காயத்தைச் சுற்றி மரப்பொருள் போன்ற ஒரு சுவர் எழும்புகிறது. கூடவே காளானைத் தடுக்கும் கசப்புப் பொருள்களும் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான இபோமியாமரோனை 1943-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஹியுரா பிரித்தெடுத்தார். பின்னர் நகோயா பல்கலைக்கழகத்தில் உரிதானியும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள்.

என்ஸைம் மிகுந்த ரகமே நோயைத் தாங்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. நோயில் மடிகிற ரகத்திலும் என்ஸைம் ஏறத்தான் செய்கிறது. கூரை எரிந்து விழுந்த பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி என்ன பயன்? எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்பதே முக்கியம்.

அந்தச் சீக்கிரத்திற்கு நாமும் உதவலாம். அறுவடையான கிழங்கைச் சுமார் 30 டிகிரி வெப்பத்திலும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்திலும் நான்கு முதல் ஏழு நாள் வைத்திருந்தால் காயங்களின்மேல் புதுத்தோல் கட்டிவிடும். நம் ஊரில் வெப்பத்திற்குப் பஞ்சமில்லை. நிழலும் ஈரமும் கொஞ்சம் பொறுமையும் போதும். நாமோ மண்வெட்டியால் வெட்டுப்பட்டதையும் சேர்த்து அன்றே மூட்டையில் திணித்து, வண்டியிலிருந்து தொப்பென்று தள்ளுகிறோம்!

இனி அந்தக் கசப்புக்கு வருவோம். காளானுக்காகச் சுரந்த அந்த மருந்து நம் ஈரலுக்கு ஆகாதது. கறுப்பைச் சுற்றி நன்றாகத் தோன்றும் சதையிலும் அது பரவியிருக்கும். வேகவைத்தாலும் முற்றும் போவதில்லை. வேறொரு காளான் தாக்கும்போது கிழங்கின் தற்காப்புப் பொருளே மாற்றம் அடைந்து, மாட்டின் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பூஞ்சை பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் மூச்சுத் திணறி மடிந்ததைக் கால்நடை மருத்துவர்கள் 1972-ல் பதிவு செய்தார்கள்.

ஆகையால் கறுத்த கிழங்கு, கசந்த கிழங்கு இரண்டையும் முழுசாகவே கழித்துவிடுங்கள். தொட்டியில் போடவேண்டாம், எருக்குழியிலும் வேண்டாம். அந்தக் காளான் மட்கிலும் மண்ணிலும் உயிரோடிருந்து, எருவோடு எருவாக அதே கிழங்குக் கொல்லைக்குத் திரும்பி வரும்.