மாரி காலமும் எங்கள் குசினிகளும்

சோளகம் ஓய்ந்து வாடை பெயர்ந்ததும் குடாநாட்டுக்கு மாரி வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் எமக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். இம்மழையை நம்பியே எமது காலபோக நெல் விளைகிறது. சுண்ணக்கல்லின் அடியில் நன்னீர் நிரம்பிக் கோடையில் தோட்டக் கிணறுகள் ஊறுவதும் இம்மழையினால்தான். எனினும் கமக்காரக் குடும்பத்தின் குசினிக்கு ஆண்டில் மிகக் கடினமான காலமும் இதுவே. சென்ற மாசியில் வெட்டிய நெல் தீரும் தறுவாயில் இருக்கும். புதிய நெல் வர இன்னும் இரண்டு மூன்று மாதம் செல்லும். தோட்டம் வெள்ளத்தில் நிற்பதால் கூலி வேலை அருகிவிடும். கடல் கொந்தளிப்பதால் மீன் வரத்துக் குறையும். விறகோ ஈரமாய்ப் புகையும்.

இக்காலத்தில்தான் எமது குடும்பங்கள் கடைச்சாப்பாட்டை அதிகமாக நாடுகின்றன என்பதை எல்லோரும் காண்கிறோம். காலையில் பாணும் சம்பலும், பள்ளி செல்லும் பிள்ளைக்கு றோல்ஸ் ஒன்று, மாலையில் வடையும் தேநீரும், இரவில் கொத்துரொட்டிப் பொட்டலம் ஒன்றை நால்வர் பகிர்தல் என்று நாட்கள் கழிகின்றன. கையில் காசு குறையும் மாதங்களிலேயே கடைக்குக் கொடுக்கும் காசு கூடுகிறது. இதைக் கண்டவர்கள் பலர், "எமது பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, நாகரிகம் ஏறிவிட்டது" என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். இத்தீர்ப்பு தவறானது என்பதே எமது கருத்து. மாரியில் அடுப்பு எரியாமைக்குக் காரணத்தைப் பெண்ணின் மனத்தில் தேடக்கூடாது. அவளுடைய வளவையும் கூரையையும் விறகையும் பார்க்க வேண்டும்.

முன்னைய நாட்களில் எமது வீடுகள் மாரியை எதிர்கொண்ட விதத்தை மூத்தவர்கள் நன்கு அறிவர். மாரிச் சமையல் ஐப்பசியில் தொடங்கியதல்ல. தையிலும் மாசியிலும் பாத்தியிலிருந்து கிண்டிய பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவிட்டு ஒடியலாகவும், அவித்துக் காயவிட்டுப் புழுக்கொடியலாகவும் கட்டி வைத்தோம். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்போது களியைப் பிழிந்து பாயில் ஊற்றிப் பனாட்டாக்கினோம். வெயில் இருக்கும்போதே செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுத்து இடித்துத் தூளை அடைத்து வைத்தோம். மோர் மிளகாய், வற்றல், ஊறுகாய், கருவாடு என எல்லாமே கோடையின் உழைப்பு. பன்னாடை, கொக்கறை, பாளை, மட்டை, சிரட்டை, பொச்சு என்பவை மழைக்கு முன்பே அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏறிவிடும். அடுப்பின் சூடே அடுத்த நாள் விறகை உலர்த்தியது.

மழை தொடங்கியதும் வேலியே மரக்கறித் தோட்டமாகிவிடும். முசுட்டையும் முல்லையும் மொசுமொசுக்கையும் வேலியில் படரும். முசுட்டை இலை வறையும் குத்தரிசிச் சோறும் மாரிக்கென்றே அமைந்த சாப்பாடு. தடிமனுக்குத் தூதுவளை ரசம், குளிருக்கு மிளகுக் கஞ்சி. மீன் ஓரளவு கிடைத்த நாளில் அதனுடன் நண்டும் இறாலும் மரவள்ளிக் கிழங்கும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்து ஒடியல் மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினால், ஒரு பானையைச் சுற்றி முழுக் குடும்பமும் அமர்ந்து பிலாவிலையில் குடித்துப் பசியாறும். இச்சாப்பாட்டில் காசு கொடுத்து வாங்கியவை மிகச் சில. பெரும்பாலானவை எமது வளவிலிருந்தும் அயலிலிருந்தும் வந்தவை.

இடப்பெயர்வு எம்மிடமிருந்து எடுத்தது நிலத்தை மட்டுமல்ல என்பது இங்கேதான் விளங்குகிறது. வலிகாமம் வடக்கின் செம்மண் நிலங்களை விட்டு எமது மக்கள் 1990இல் வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே தம் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கு 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வந்தபோதிலும், ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை.

ஓடியவர் கையில் எடுத்தது உடுப்பும் உறுதியும் பிள்ளையும். உரலையும் உலக்கையையும் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் யார் தூக்கிச் செல்ல முடியும்? பரணும் பனங்கூடலும் பின்தங்கின. வேலியும் கிணறும் பின்தங்கின. பின்னர் திரும்பியவர்களில் பலர் கண்டது பற்றை மூடிய வளவையும் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் அடியையுமே. பனை வளர்ந்து காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். ஆதலால் நிலம் கிடைத்த அன்றே பழைய குசினியும் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது பிழை.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குச் சங்கக்கடையில் முத்திரைக்குக் கிடைத்த நிவாரணத்தில் அரிசியோடு கோதுமை மாவும் இருந்தது. அந்த மா பல உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இலங்கையில் கோதுமை விளைவதில்லை. திருகோணமலையில் இயங்கும் பெரிய ஆலை அரைப்பதும் கப்பலில் வரும் கோதுமையையே. நலன்புரி நிலையங்களிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கோதுமை மா ரொட்டியும் பாணும் வீட்டுச் சாப்பாடாகிவிட்டன. ஒடியற்கூழ் எப்போதோ ஒருநாள் கிடைக்கும் விருந்தாகிவிட்டது. பிள்ளை முசுட்டை வறையைத் தள்ளி வைத்தால் அது பிள்ளையின் குற்றமல்ல. வேலி இல்லாத இடத்தில் வளர்ந்த நாவுக்கு அந்த ருசி எப்படித் தெரியும்?

இதனால் ஏற்படும் நட்டத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். மாரியில் எமது கூலிக் குடும்பங்கள் கடையில் காசு கொடுத்து வாங்குவதில்லை. கொப்பியில் எழுதி வாங்குகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு இறாத்தல் பாணும் சில சிற்றுண்டிகளும் சிறிய தொகையாகத் தோன்றும். அதைத் தொண்ணூறு நாளால் பெருக்கிப் பாருங்கள். தையில் வெங்காய நடுகைக்கும் புகையிலைக்கும் கூலி கிடைக்கத் தொடங்கும்போது அக்கூலி கொப்பிக் கடனுக்குப் போய்விடுகிறது. விதைக்கும் பசளைக்கும் மீண்டும் கடன் பட வேண்டியதாகிறது. ஒரு மாரியின் சாப்பாடு அடுத்த கோடையின் பயிரை விழுங்கிவிடுவதை நாம் பல இடங்களில் காண்கிறோம்.

உடல்நலமும் இதில் அடங்கும். எமது நிலம் சுண்ணக்கல் நிலம். மழைநீரோடு மலகூடக் கழிவும் விரைவாகக் கிணற்றைச் சென்றடைகிறது. நெருப்புக் காய்ச்சலுக்கு யாழ்ப்பாண மாவட்டம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டிலாயினும் கடையிலாயினும் கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும். கடையில் உண்பவர்கள், கண்ணெதிரே அடுப்பிலிருந்து சூடாக இறக்கியதை உண்ணலாம். மாலைவரை கண்ணாடிப் பெட்டியில் ஆறிக்கிடந்த சம்பலையும் பச்சைத் தண்ணீரில் கரைத்த பானத்தையும் தவிர்க்கலாம். கடை வைத்திருப்போரும் எம்மவரே. சோப்பும் கொதிநீரும் பெரிய செலவல்ல என்பதை அவர்களுக்கு உரிமையோடு எடுத்துச் சொல்வோம்.

வீட்டில் சமையுங்கள் என்று பெண்களுக்குப் புத்தி சொல்வதோடு எமது கடமை முடிந்துவிடுமா? கணவனை இழந்த ஒரு தாய் விடியப்புறம் நாலு மணிக்கு எழுந்து, ஒழுகும் கிடுகின் கீழ், ஈர விறகை ஊதி ஊதிப் பிட்டு அவித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கூலிக்குப் போக வேண்டும் என்று சொல்பவர், ஒரு மாரியாவது அந்த அடுப்படியில் இருந்து பார்க்கட்டும். எரிவாயு வாங்க முடிந்தவர்களும் 2022இன் நெருக்கடியில் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆகவே, புத்திமதியை நிறுத்திவிட்டு மூன்று காரியங்களைச் செய்வோம் என்று கேட்கிறோம்.

முதலாவது, நனையாத அடுப்பு. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் மிகப் பெரும்பாலானவை வடக்கு கிழக்குக்கு வந்தன. இங்கே ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. அது பேருதவி. ஆயினும் நாம் சென்று பார்த்த பல வளவுகளில் கல்வீடு நிமிர்ந்து நிற்க, சமையல் மட்டும் பின்புறத்தில் கிடுகுக் கொட்டிலிலேயே நடக்கிறது. புகை போக வழியில்லாத அறைக்குள் விறகடுப்பை யாரும் மூட்ட மாட்டார்கள். இனி எந்த நிறுவனம் வீடு கட்டினாலும் புகைக்கூடும் பரணும் உள்ள அடுப்படியைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். வரைபடம் கீறும்போது அங்கே சமைக்கப்போகும் பெண்ணைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வேலியும் சேமிப்பும். சொந்தக் காணி இல்லாதவரும் இருக்கும் துண்டு நிலத்தைச் சுற்றி முருங்கைத் தடி ஊன்றலாம். முசுட்டையையும் தூதுவளையையும் படர விடலாம். பனை விதையைப் பாத்தி போட ஒரு சிறு மணல் மேடு போதும். அடுத்த ஆண்டின் ஒடியல் அதிலிருந்தே வரும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. அதன் உதவியைக் கிராமச் சங்கங்கள் கேட்டுப் பெறவேண்டும். ஒடியல் மாவைப் பல தண்ணீரில் ஊறவிட்டு வடித்துக் கயர்ப்பு நீக்க வேண்டும் என்பது போன்ற கைப்பக்குவங்களை ஆச்சிமார் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கூட்டுச் சமையல். 1995இல் தென்மராட்சியில் பல குடும்பங்கள் ஒரே வளவில் தங்கி, ஒரே கிடாரத்தில் கஞ்சி வைத்துக் குடித்தோம். 2024 கார்த்திகையில் பெங்கல் புயல் மழையில் வெள்ளம் புகுந்தபோதும், பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் கூடிச் சமைத்தார்கள். ஆபத்தில் செய்யத் தெரிந்ததை மாரி முழுவதும் ஏன் செய்யக்கூடாது? பெரு நாட்டின் மலைக்கிராமங்களை விட்டுத் தலைநகர் லீமாவின் ஓரங்களில் குடியேறிய ஏழைப் பெண்கள் 1970களின் பிற்பகுதியில் மக்கள் உணவுக்கூடங்களைத் தொடங்கினார்கள். பல இடங்களில் பங்குக் கோவில்கள் துணை நின்றன. பல வீட்டுப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துக் குறைந்த விலைக்குப் பங்கிட்டார்கள். 1991இல் அந்நாட்டில் இவற்றுக்கு உதவவென ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

எம்மிடமும் நல்ல முன்மாதிரி உண்டு. விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் தெற்கில் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் தொடங்கிய பெண்களின் உணவகங்கள் வடக்கில் 'அம்மாச்சி' என்று வழங்குகின்றன. திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சியில் பெண்களே சமைத்து, பெண்களே விற்று, வருவாயைத் தாமே எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளூர்த் தானியத்துக்கும் இலைக்கறிக்கும் அங்கே இடமுண்டு. வாடிக்கையாளர் குரக்கன் பிட்டையும் இலைக்கஞ்சியையும் விரும்பி வாங்குகிறார்கள். கடைச்சாப்பாடும் வீட்டுச் சாப்பாடும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதிய சான்று. கடையில் விற்பது எமது தோட்டத்து விளைச்சலாகவும், சமைப்பது எமது ஊர்ப் பெண்ணாகவும் இருந்தால், அங்கே கொடுக்கும் காசு ஊருக்குள்ளேயே சுற்றிவரும். கிராமத்துக்கு ஒன்றாக, பெரிய கட்டடம் இன்றி, மாதர் சங்கக் கொட்டிலிலேயே இதைச் சிறிதாகத் தொடங்கலாம்.

நத்தாருக்கும் பொங்கலுக்கும் முன்பாக ஒருநாள் பிள்ளைகளை ரவுணுக்குக் கூட்டிச் சென்று கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் குசினியில் நின்ற தாய்க்கு அன்றைக்கு ஒரு வேளை ஓய்வு கிடைக்கிறது. பிள்ளைக்கு அது கொண்டாட்டம். அந்த ஒருநாள் எமது விருப்பத்தால் அமையட்டும். மற்ற நாட்களில் விறகு இல்லை, கூரை இல்லை என்ற காரணத்தால் எந்தக் குடும்பமும் கடை வாசலில் கொப்பியோடு நிற்கக்கூடாது.

மாரி வந்தபின் மாரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆகவே வரும் ஆவணி மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு கணக்கெடுக்கட்டும். எத்தனை வீட்டில் நனையாத அடுப்பு இருக்கிறது? எத்தனை வீட்டில் விறகு ஏற்றிவைக்கப் பரண் உண்டு? எத்தனை குடும்பம் கடைக் கொப்பியில் கடன் வைத்திருக்கிறது? இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் ஊரில் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன் பத்து அடுப்புகளுக்காவது கூரை போடச் சொல்லிக் கேளுங்கள்.