மறதிக்கு ஒரு முட்டுக்கட்டை

திருவனந்தபுரம் மாவட்டம் விதுராவிலிருந்து காணித்தடம் சோதனைச் சாவடியைத் தாண்டி போனக்காட்டுக்கு ஏறும் சாலை, வளைவும் சரிவுமாகவே போகிறது. பழைய தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கவும், அகத்தியர்கூடம் ஏறவும் வெளியூர் வண்டிகள் அங்கே வருகின்றன. மலையேறியவர்கள் இறங்கிவர மூன்று நாளாகும். அதுவரை வண்டிகள் மலையிலேயே நிற்கும். தோட்டத்து லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் கை பிரேக்கைப் போட ஒருவர் மறந்தால், அதன் விலையை வேறொருவர் வீட்டுப் பிள்ளை கொடுக்க நேரலாம்.

ஆகவே, மலைச்சாலையில் ஏறும் ஒவ்வொரு நான்கு சக்கர வாகனத்திலும் இரண்டு முட்டுக்கட்டைகளும் ஒரு சிவப்புப் பட்டையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். நிறுத்தியதும் சக்கரங்களுக்குக் கட்டை. கட்டை வைத்ததும் ஸ்டீயரிங்கில் பட்டை. ஓட்டுநர் இறங்கும்போது கையில் தட்டுப்படும்படி கட்டை கதவோரக் கொக்கியில் தொங்கட்டும். பட்டையை அவிழ்க்காமல் வண்டியை எடுக்க முடியாது என்பதால், கட்டையை எடுக்கவும் மறக்காது. விமானங்களில் பறக்கும் முன் அகற்ற வேண்டிய மூடிகளிலும் ஊசிகளிலும் சிவப்பு நாடா தொங்குவது இதே காரணத்துக்காகத்தான்.

மறதியை அலட்சியம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பழகிய வேலையைக் கை தானாகச் செய்கிறது. நடுவில் போன் அடித்தால் ஒரு படி விட்டுப்போகும். ஆனால் எல்லாம் முடித்துவிட்டதாகவே மனம் நம்பும். 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பலகை அந்த நிமிடத்தில் உதவாது.

2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கத்துவா நிலையத்தில் நிறுத்தப்பட்ட சரக்கு ரயில், முறைப்படி பிணைக்கப்படாததால் ஓட்டுநர் இல்லாமலேயே உருண்டு, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பஞ்சாபின் ஊச்சி பஸ்ஸி அருகே நின்றது. தண்டவாளத்தில் மரக்கட்டைகளைப் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதிர்ஷ்டத்தைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ள முடியாது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில், பள்ளிப் பேருந்தில் உறங்கிவிட்ட நான்கு வயது கேரளச் சிறுமியைக் கவனிக்காமல் பூட்டிச் சென்றார்கள். அவள் வெப்பத்தில் இறந்தாள். அதே மாதம் ஜப்பானின் மகினோஹாராவில் மூன்று வயதுச் சிறுமி அதே விதமாக இறந்தாள். ஜப்பான் அரசு 2023 ஏப்ரல் முதல் மழலையர் பள்ளிப் பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அதில் ஒரு வகை, ஓட்டுநர் பின்னிருக்கை வரை நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தினால்தான் ஓயும். கருவி வாங்க வசதியில்லாத பள்ளியும் இதைச் செய்யலாம்: 'வண்டி காலி' என்று எழுதிய அட்டையைக் கடைசிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்தான் ஓட்டுநர் இறங்க வேண்டும். அமெரிக்காவில் பல பள்ளிப் பேருந்துகளில் இந்த வழக்கம் உண்டு.

'புதிய வண்டிகளில் சென்சார் எல்லாம் இருக்கிறதே' என்பார்கள். உண்மைதான். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி கட்டாயம். ஆனால் அந்த ஒலியை அடக்கவே கிளிப்புகள் விற்கப்பட்டன. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு அவற்றை நீக்க உத்தரவிட வேண்டியிருந்தது. ஒலி பழகிவிட்டால் காதில் ஏறாது. அடுத்த வேலையைச் செய்ய விடாமல் மறித்து நிற்கும் பொருளே உண்மையான நினைவூட்டல். மலைச்சாலையில் ஓடும் பழைய ஜீப்புகளுக்கும் வேன்களுக்கும் அந்த ஒலிகூடக் கிடையாது.

கேரள மோட்டார் வாகனத் துறையும் வனத்துறையும் காணித்தடம் சாவடியிலேயே இந்தக் கட்டை, பட்டை முறையைத் தொடங்கலாம். கட்டை இல்லாத வண்டிக்கு அங்கேயே கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மலையேற்றக் கட்டணத்தின் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். உதகை, கொடைக்கானல், வால்பாறைச் சாலைகளில் தமிழ்நாடு அரசும் இதைப் பின்பற்ற வேண்டும். பள்ளி வாகனத் தகுதிச் சான்று ஆய்வில் 'வண்டி காலி' அட்டையையும் சேர்க்க வேண்டும். ஒரு மரத்துண்டு, ஒரு துணிப்பட்டை, ஓர் அட்டை: இவற்றுக்கு ஆகும் செலவைக் காரணம் காட்டி எந்த அரசும் தள்ளிப்போட முடியாது. அடுத்த மலையேற்றப் பருவத்துக்குள் உத்தரவு வர வேண்டும்.