மடை யார் கையில்?

வெளிநாட்டு உதவி ஏழை நாடுகளை வாழவைக்கிறதா, கெடுக்கிறதா என்ற வாதத்தில் பெரும்பாலும் அடிபடுவது ஆப்பிரிக்காவின் பெயர். நான் சிசிலியின் தலைநகரான பாலெர்மோவைப் பார்க்கச் சொல்வேன்.

1950இல் இத்தாலிய அரசு தன் வறிய தென்பகுதிக்காக 'காஸ்ஸா பெர் இல் மெட்ஸோஜோர்னோ' என்ற நிதியத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே உலக வங்கி அதற்காக 1 கோடி டாலர் கடன் தந்தது. அணைகளும் சாலைகளும் குடிநீர்க் குழாய்களும் வந்தன. 1970களின் தொடக்கம் வரை வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வருமான இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. உதவியே வீண் என்பவர்கள் இந்த இருபது ஆண்டுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு அந்த நகர்வு நின்றுபோனது. பணத்தை எங்கே இறக்குவது என்பதைப் பொறியாளர்களை விடக் கட்சிக்காரர்களே தீர்மானிக்கும் நிலை வந்திருந்தது. 1984இல் நிதியம் மூடப்பட்டது.

பாலெர்மோ நகரம் அதற்கு முன்பே அந்தப் பாடத்தைப் படித்துவிட்டது. 1958 முதல் 1963 வரை சால்வோ லீமா மேயர். பொதுப்பணிகள் விதோ சான்சிமினோ கையில். கட்டட அனுமதிகள் ஆயிரக்கணக்கில் பறந்தன. அவற்றில் பெரும்பகுதி ஐந்தே பேரின் பெயரில் இருந்தது. அவர்கள் மாஃபியாவின் பினாமிகள். கொன்கா தோரோ சமவெளியின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள் சிமெண்டுக்குள் புதைந்தன. எர்னெஸ்தோ பாசிலே கட்டிய வில்லா தெலியெல்லா மாளிகையை 1959இல் இடித்தே தள்ளினார்கள். சான்சிமினோவை மாஃபியாக்காரர் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1992 ஆயிற்று. அந்தத் தோப்புகள் திரும்பி வரவில்லை.

அதே பாலெர்மோ மாகாணத்தின் பார்த்தினிக்கோ என்ற ஊரில் வேறொரு கதை நடந்தது. காந்தி வழியில் நின்ற தனிலோ தோல்சி 1956 பிப்ரவரியில் வேலையற்றவர்களைத் திரட்டி, பழுதடைந்த பொதுச்சாலையைக் கூலியில்லாமல் செப்பனிடச் செய்தார். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அவர் அடுத்து கேட்டது யாத்தோ ஆற்றில் ஓர் அணை. அந்த வட்டாரத்தில் பாசன நீர் மாஃபியாவின் பிடியில் இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்தால்தான் பயிருக்குத் தண்ணீர். 1962இல் தோல்சி உண்ணாவிரதம் இருந்தார், ஊரும் அவரோடு நின்றது. கடைசியில் அணை எழுந்தது. செலவு அதே காஸ்ஸாவின் பணம்தான். ஆனால் தண்ணீரைப் பங்கிட விவசாயிகளே கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். பணத்தோடு அதிகாரமும் ஊருக்குள் இறங்கிய இடம் அது. உதவியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தொகையைப் பற்றிச் சண்டையிடும்போதெல்லாம் எனக்கு அந்த அணைதான் நினைவுக்கு வருகிறது.

இன்றைய பாலெர்மோவில் ஈழத்தமிழர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களுக்கு இது அந்நியக் கதையல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கு உலகம் வாரி வழங்கியது. வடக்கு, கிழக்கில் அந்த உதவியைப் பகிர அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் ஒரு பொது ஏற்பாட்டில் கையெழுத்திட்டார்கள். முஸ்லிம்களுக்கும் அதன் வட்டாரக் குழுவில் இடம் இருந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. வீட்டையும் படகையும் இழந்து நின்ற முல்லைத்தீவு மீனவர் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்ல, ஒரு மேசைகூட மிஞ்சவில்லை.