விதைப்பதற்கு முந்திய இரவு

வானம் பார்த்த பூமியில் நெல் விதைக்கிற விவசாயி, மழை ஏமாற்றிவிடுமோ என்கிற பயத்தை விதையின் அளவைக் கூட்டித்தான் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 கிலோ போதும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிவருகிறது. முளைக்காதது போக முளைத்தது மிஞ்சட்டும் என்று அவர் அதற்கு மேலும் இரண்டு மரக்கால் சேர்த்து வாரி இறைக்கிறார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மண்ணுக்குள் போன விதை திரும்பி வராது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் அந்தப் பயத்துக்கான பரிகாரத்தை விதையின் தகுதியில்தான் தேட வேண்டும் என்பதும், அந்தத் தகுதியை உண்டாக்க ஓர் இரவு நேரமும், ஒரு தொட்டித் தண்ணீரும், கொஞ்சம் பொட்டாஷ் உப்பும் போதும் என்பதும் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், இது எல்லாக் கிராமங்களிலும் சாதாரண வழக்கமாக ஆகாமல் இருப்பது மிகவும் வருத்தத்துக்குரிய விஷயம்.

ராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் புழுதி உழவு செய்து, வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். முதல் மழை பல ஆண்டுகளில் பேருக்கு ஒரு தூற்றலாக வந்து போய்விடும். அந்த அரைகுறை ஈரத்தைக் குடித்த விதைகளில் சில முளைவிட்டு, அடுத்த மழைக்கு முன்பே வெயிலில் கருகும். சில அசைவற்றுக் கிடக்கும். சில பத்து நாள் கழித்துக் கிளம்பும். கார்த்திகையில் வரப்பின்மேல் நின்று பார்த்தால், ஓரிடத்தில் பயிர் கொத்தாக நெருங்கியும், பக்கத்திலேயே சொட்டை விழுந்தும், சொட்டை விழுந்த இடத்தையெல்லாம் கோரையும் குதிரைவாலிப் புல்லும் பிடித்துக்கொண்டும் இருப்பதைக் காணலாம். ஒரே வயலில் முன்னும் பின்னுமாக முளைத்த பயிர் ஒன்றாகக் கதிர் வாங்காது. ஒன்று முற்றி உதிரும்போது மற்றொன்று பச்சையாக நிற்கும். அறுவடை வரையில் நீளுகிற இந்த நஷ்டத்துக்கெல்லாம் மூலகாரணம், விதை முளைத்த அந்த முதல் வாரத்திலேயே இருக்கிறது.

நெல்மணிக்குள் தண்ணீர் புகும்போது நடப்பதைக் கவனித்தால் இதற்குரிய உபாயம் தானே விளங்கும். முதலில் சில மணி நேரம் விதை வேகமாக நீரை உறிஞ்சுகிறது; பிறகு வெளிப்பார்வைக்கு எதுவுமே நடக்காததுபோன்ற ஒரு நீண்ட இடைவேளை வருகிறது. முக்கியமான காரியங்களெல்லாம் அந்த இடைவேளையில்தான் நடக்கின்றன: உலர்ந்து கிடந்த காலத்தில் சிதைந்துபோன உயிரணுச் சவ்வுகள் பழுது பார்க்கப்படுகின்றன, கருவிலிருந்து எழும் ஜிப்பரெல்லின் என்னும் ஊக்கியின் தூண்டுதலால், அரிசியைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கில் அமைலேஸ் என்னும் நொதி சுரந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. இவற்றுக்குப் பிறகே வேர் வெளியே எட்டிப் பார்க்கிறது. வேர் வெளிவருவதற்குச் சற்று முன்பாக விதையைத் தண்ணீரிலிருந்து எடுத்து நிழலில் உலர்த்திவிட்டால், அதுவரை உள்ளே நடந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி வீணாவதில்லை. பிறகு வயலில் ஈரம் கிடைத்தவுடன், மற்ற விதைகள் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய வேலையை, இவ்விதம் பக்குவப்பட்ட விதை பாதியிலிருந்து தொடர்ந்து, விரைவாகவும் ஒரே சீராகவும் முளைத்து, மேல்மண் காய்வதற்குள் வேரைக் கீழே இறக்கிவிடுகிறது.

இதைத்தான் விதையைக் கடினப்படுத்துதல் என்கிறார்கள். மானாவாரி நெல்லுக்கு நமது பல்கலைக்கழகம் கூறும் முறை மிக எளியது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் என்ற கணக்கில், சுமார் 16 மணி நேரம் ஊறவைத்து, பின்பு நிழலில் பரப்பிப் பழைய ஈரப்பதத்துக்குத் திரும்பும்வரை உலர்த்த வேண்டும். ஓர் ஏக்கருக்குரிய 30 கிலோ விதைக்கு 300 கிராம் உப்பு போதும். மாலையில் ஊறவைத்தால் மறுநாள் காலையில் வடித்துவிடலாம்.

காவேரி டெல்டாவின் விவசாயிக்கு விதையை ஊறவைப்பது புதிதல்ல. ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, முளை கண்ட விதையைத்தான் அவர் சேற்று நாற்றங்காலில் தெளிக்கிறார். வறண்ட சீமையின் விவசாயி தயங்குவதும் அதனால்தான்: முளை கட்டிய விதையைப் புழுதியில் போட்டால் செத்துப்போகும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. கடினப்படுத்திய விதை முளை கட்டிய விதையல்ல, அது மறுபடியும் காய்ந்து கலகலவென்று கையில் உதிரும் விதை என்பதை யாராவது அவருடைய களத்திலேயே செய்துகாட்ட வேண்டும். ஊறவைப்பதற்கு முன் இருந்த எடைக்கே விதை திரும்பியிருக்க வேண்டும். ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘கடக்’கென்று உடைய வேண்டும். வெயிலில் அவசரமாகக் காயவைத்துக் கெடுப்பவர்களும், நேரம் தவறி ஊறவிட்டு முளை கண்ட பிறகு காயவைப்பவர்களும் உண்டு. அப்படிக் கெட்டுப்போன ஒரு மூட்டையின் கதை ஊர் முழுவதும் பரவி, நல்ல முறை ஒன்றுக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

இந்த எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், தானிய விதைகளை ஏழு இரவு பனியிலும் பகலில் வெப்பத்திலும் வைத்தெடுத்து விதைக்கும்படி விதிக்கிறது. நம் காலத்தில், 1990-களில் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேச மாநிலங்களின் வறண்ட மேட்டு நிலங்களில் டேவிட் ஹாரிஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், விவசாயிகளின் வயல்களிலேயே விவசாயிகளின் கையாலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்த்தனர். உப்பும் இல்லாமல், வெறும் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மேற்பரப்பு மட்டும் உலர்ந்ததும் விதைத்த மக்காச்சோளமும் நெல்லும் கொண்டைக்கடலையும் முந்தி முளைத்து வீரியத்துடன் வளர்ந்ததை அவர்கள் கண்டார்கள். நெல்லை 24 மணி நேரத்துக்கு மேல் ஊறவிடலாகாது என்ற எல்லையையும் அவர்கள் வகுத்தார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் விதை வயலின் ஈரத்துக்குக் காத்திராமல் தானே முளைத்துவிடும்.

ஊறவைப்பதற்கு முன்னால் செய்யத்தக்க காரியமும் ஒன்றுண்டு. ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, புதிய கோழிமுட்டை ஒன்றை அதில் இட்டால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வர, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரைந்ததும், முட்டை எழும்பி நாலணாக் காசு அளவுக்குத் தன் ஓட்டை வெளியே காட்டும். அந்தத் தண்ணீரில் விதையைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே மிதந்துவிடும். அடியில் தங்கிய கனத்த மணிகளை மட்டும் எடுத்து, உப்பு நீங்க இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானின் ஃபுக்குவோகாவில் யோக்கோய் டோக்கியோஷி என்னும் வேளாண்மை ஆசிரியர் உப்பு நீரில் விதை தெரிந்தெடுக்கும் முறையை வகுத்தார். அது அந்தத் தேசம் முழுவதும் பரவியது. தன் வயலின் நெல்லையே விதைக்கு எடுத்து வைப்பவருக்கு இதைவிடச் செலவில்லாத பரீட்சை வேறில்லை.

வியாதியின் விஷயம் இதைக்காட்டிலும் கடுமையானது. குலைநோய், பழுப்புப் புள்ளி நோய் முதலியவற்றின் பூஞ்சாணங்கள் விதையோடு ஒட்டிக்கொண்டே அடுத்த பருவத்துக்கு வந்து சேருகின்றன. 1942-இல் வங்காளத்தில் பழுப்புப் புள்ளி நோய் நெல்லை அழித்தது. அடுத்த ஆண்டின் கொடிய பஞ்சத்துக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று பயிர்நோய் விஞ்ஞானி எஸ். ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதினார். அமர்த்தியா சென் போன்றோர் அப்பஞ்சத்துக்கு வேறு காரணங்களை வற்புறுத்தியதும் உண்டு. எனினும் விதையில் ஒட்டிய நோயை அற்பமாக எண்ணலாகாது என்பதற்கு அந்த எச்சரிக்கை போதும். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை தரும் பாக்டீரியாவையோ, 2 கிராம் கார்பென்டசிம் என்னும் பூஞ்சாணக்கொல்லியையோ கொண்டு விதை நேர்த்தி செய்யலாம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கலாகாது. மருந்திட்ட விதையில் மிஞ்சியதைக் கோழிக்கும் போடக்கூடாது, குத்தி அரிசியாக்கவும் கூடாது.

இதனால் எல்லாத் துன்பமும் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. செத்த விதைக்கு எந்த நேர்த்தியும் உயிர் கொடுக்காது. சான்று பெற்ற நெல் விதைக்கு 80 சதவீத முளைப்புத்திறன் வேண்டும் என்பது விதி. ஈரத்துணியில் நூறு மணிகளைச் சுருட்டி வைத்து அதை வீட்டிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம். விதைத்தவுடன் பெருமழை கொட்டி வயல் மூழ்கினால், பக்குவப்பட்ட விதையும் அழுகத்தான் செய்யும்.

இவ்வளவு எளிய காரியம் ஏன் பரவவில்லை? விதைக்கு மானியம் தருகிற சர்க்கார், விதையைத் தந்ததோடு தன் கடமை முடிந்ததாகக் கருதுவதே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். மூட்டையை வாங்கிக்கொண்டு போகிற விவசாயிக்குத் துண்டுப்பிரசுரம் ஒன்று கிடைக்கலாம். ஊறவைக்கப் பெரிய பாத்திரமும், 30 கிலோ நெல்லை நிழலில் பரப்ப இடமும் சின்னஞ்சிறு வீட்டில் எங்கே கிடைக்கும்? மானாவாரி நெல் பயிராகும் ஒவ்வொரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு சிமெண்ட் தொட்டியும், காற்றோட்டமான ஒரு கீற்றுக்கொட்டகையும், ஒரு தராசும் ஆடி மாதத்துக்குள் ஏற்பாடாக வேண்டும்; விதை மூட்டையோடு அதற்கு வேண்டிய பொட்டாஷ் பொட்டலமும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும். மானியத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

செயல்முறை விளக்கத்துக்கு யாரை அழைப்பது என்பதிலும் ஒரு திருத்தம் தேவை. கிராமத்தில் விதையைப் புடைத்து, பொறுக்கி, காயவைத்து, குதிரிலும் பானையிலும் பூச்சி அண்டாமல் காப்பவர்கள் பெண்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் நிலப்பட்டாவில் பெயருள்ள ஆண்கள். விதை எவ்வளவு ஊறியது, எவ்வளவு காய்ந்தது என்பதைக் கையால் தொட்டே சொல்லக்கூடியவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்துகிற பயிற்சி எப்படிப் பலிக்கும்? அவர்கள் வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு, மாலை வேளையில், சங்கத்துத் தொட்டியருகிலேயே அந்தக் கூட்டத்தை நடத்தினால், அன்று இரவே முதல் விதையை ஊறப்போட்டுவிடலாம்.